நடந்தால் வாழும் பாதைகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்ல எத்தனை வழிகள் உண்டு என்று கேட்டால், பேருந்து, இரயில் என்று உடனே சொல்லிவிடுவோம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஏரிக்கரை மீதும், கழனி வரப்பிலும், பனைமர நிழலிலும் ஊரூராய்ப் புகுந்து செல்லும் கால்வழி அது. நம் பாட்டிமார் அறிந்த அவ்வழியை நாமும் அறிய வேண்டாமா? இந்த ஆவலோடு பதினொன்றாம் வகுப்பு மாணவியர் பன்னிருவர், எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையின் துணையுடன், மார்கழிக் கடைசி முதல் மாசி வரை ஆறு சனிக்கிழமைகள் நடந்தோம். தொலைவான இடங்களுக்குப் பாதி வழி பேருந்தில் சென்று, மீதியைக் கால்நடையாகக் கடந்தோம்.

முதல் நாள் ஊருக்கு அருகிலிருந்த ஓர் ஏரிக்கரையே எங்கள் பாதை. கரையில் நடக்கும்போதுதான் ஏரி என்பது வெறும் நீர்த்தேக்கம் அன்று என்பது புரிந்தது. கழனிக்கு நீர்விடும் மதகு ஒருபுறம். மிகுந்த நீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் கலங்கல் மறுபுறம். நீர் சென்ற வழியே மனிதரும் சென்றிருக்கின்றனர். கொக்குகளும் நீர்க்காகங்களும் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

கரையிறங்கியதும் ஒரு மல்லாட்டைக் கொல்லை. அங்கே களையெடுத்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “இன்னாம்மா பொண்ணுங்களா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?” என்று கேட்டார். “இல்லை ஆயா, சும்மா நடந்து பார்க்க வந்தோம்” என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நடந்து பாக்கவா? நாங்க நடந்து நடந்தே தேஞ்சு போனோம். குடிக்கத் தண்ணி வேணுமா?” என்றார். குடத்து நீர் அமுதமாய் இருந்தது. அவர் சொன்ன சொல் மட்டும் எங்களை விட்டு நீங்கவில்லை. எங்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அதுவே பிழைப்பு.

அடுத்த வாரம் செஞ்சி சென்றோம். ராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் பிணைத்த கோட்டை அது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டும் எளிதில் வீழாத கோட்டை. 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. அவற்றுள் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே. ஆனால் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது செஞ்சிக்கு வடக்கேயுள்ள சிறிய திருநாதர்குன்றே. அங்கே ஒரு பெரும்பாறையில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டும் அங்கு உண்டு. ‘ஐ’ என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று அதில் காணப்படுகிறது. கோட்டைக்குச் செல்வோர் பலர். குன்றுக்குச் செல்லும் பாதையிலோ அன்று எங்களைத் தவிர ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனே இருந்தான்.

மூன்றாம் நடை திருவக்கரைக்கு. சங்கராபரணி ஆற்றின் பக்கமாக அமைந்த இவ்வூரில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதையுண்ட மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தினுள் புகுந்து, அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. இழைகள்கூட அப்படியே தெரிகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைப் பாதுகாத்து வருகிறது. ஒரு சில்லைக்கூட எடுத்து வரலாகாது.

விழுப்புரம் பக்கம் நாங்கள் சென்றது செஞ்சிச் சாலையில் உள்ள மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் இக்கோயிலை எடுப்பித்ததாக மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் பொறித்துவைத்த கல்வெட்டு இங்குள்ளது. இருபுறமும் வாயிற்காவலர் நிற்க, எளிய தூண்களோடு நிற்கிறது அக்குகைக் கோயில். பேருந்தில் போகிறவர்க்கு அது ஒரு பாறை. நடந்து போகிறவர்க்கே அது ஒரு கோயில்.

நடத்தல் நம் மண்ணுக்குப் புதிதன்று. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடியுடன் நடப்போர் உளர். ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தைக் காணக் காவி உடை அணிந்து நாள்கணக்கில் நடப்போரையும் நாம் காண்கிறோம். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கச் சாதி மதம் யாரும் பார்ப்பதில்லை.

இவையெல்லாம் கண்டு களிக்கவும் வணங்கவும் செல்லும் பாதைகள். படிக்கச் செல்லும் பாதை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்களோடு நடந்த பன்னிருவரில் ஒருத்தி சிற்றூரிலிருந்து வருபவள். அவள் ஊரிலிருந்து பள்ளிக்குக் கழனி வழியே பழைய வண்டிப்பாதையில் வந்தால் இரண்டு கிலோமீட்டர். சென்ற ஆண்டு அப்பாதையின் குறுக்கே மனைப்பிரிவு ஒன்று எழுந்தது. கல் நட்டுக் கம்பி வேலியும் போட்டுவிட்டார்கள். சாலை வழியே சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். அதிலும் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் பள்ளி நேரத்துக்கு அவ்வூருக்குப் பேருந்து இல்லையே! “வயசுப் பொண்ணு அவ்வளவு தூரம் சுத்திப் போவணுமா? படிச்சது போதும்” என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. ஒரு வேலி, ஒரு பெண்ணின் படிப்பையே மறிக்கப் பார்த்தது!

எங்கள் ஆசிரியை ஒரு வழி காட்டினார். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம வரைபடம் உண்டு. எந்தப் புல எண் யாருடையது, எது புறம்போக்கு என்று கூறும் ‘அ’ பதிவேடும் உண்டு. தோழியின் தந்தையார் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று பார்த்தார். பாதை புறம்போக்கு என்றே அந்தப் புல எண் பதிவாகியிருந்தது! ஊரார் அதை ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில் எடுத்துரைத்தனர். மாசி மாதத்தில் நில அளவர் வந்து அளந்து எல்லைக்கல் நட்டார். வேலி பின்வாங்கியது. இன்று அவள் அவ்வழியே வருகிறாள்.

தனியார் நிலத்தின் வழியே செல்லும் பாதைக்கும் சட்டம் வாயை மூடிக்கொள்ளவில்லை. தன் நிலத்துக்குச் செல்ல அடுத்தவர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் அமைதியாகவும், வெளிப்படையாகவும், உரிமையோடும், தடையின்றியும் சென்று வந்தவர் வழியுரிமை கோரலாம் என்கிறது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிராமத்து நடைபாதைகளைக் கண்டறிந்து வரைபடத்தில் பதிவது உள்ளாட்சியின் கடமையாயிற்று. அங்கே வயலோரக் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால், அது மக்கள் நடக்கும் உரிமையுள்ள பாதை என்று பொருள். நடப்பார் குறைந்தார்கள் என்பதற்காகப் பதிவான பாதை அழிந்துவிடுவதில்லை. நம் பாதைகளும் வரைபடத்தில் உள்ளன. நாம்தாம் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் சட்டமும் எல்லைக்கல்லும் மட்டும் பாதையைக் காத்துவிடுமா? ஆறு மாதம் கால் படாவிட்டால் வேலிக்காத்தான் முளைத்து மூடிவிடும். மூடிய பாதையை வழி என்று யார் சொல்வார்? ஆதலால் எங்கள் நடைக்குழு அந்த வண்டிப்பாதையையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முள்ளை வெட்டினோம், இரு பக்கமும் பனங்கொட்டை ஊன்றினோம். அவை வளர்ந்து நுங்கு தரும்போது நாங்கள் எங்கெங்கோ இருப்போம். நிழல் மட்டும் பள்ளிக்கு வரும் தங்கையருக்குக் கிடைக்கும்.

அன்புத் தோழியரே! இக்கோடை விடுமுறையில் உங்கள் தாத்தாவையோ ஆயாவையோ கைப்பிடித்து அழைத்துச் சென்று, அவர்கள் சிறுவயதில் நடந்த வழிகளைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மரத்தடியில் திரும்பும், எந்தக் கலங்கலைத் தாண்டும் என்று ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். பெற்றோரே! வெயில் தாழ்ந்த பொழுதில் நான்கைந்து பேராகச் சேர்ந்து செல்ல எங்களுக்கு இசைவு தாருங்கள். பெண் பிள்ளைகள் கூட்டமாக நடக்கும் பாதையில் முள்ளும் முளைக்காது, அச்சமும் முளைக்காது.

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்