வேகம் இல்லாத மாதங்கள்

மரதன் ஓடிய மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறவரைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 42.195 கிலோமீற்றரும் ஒவ்வொரு அடி விழும்போதும் முன்தொடைத் தசை இழுபட்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்கியிருக்கிறது. படி இறங்கும்போது அதே வேலையைத் திரும்பக் கேட்டால் அது மறுக்காமல் என்ன செய்யும்? இந்த நோ இரண்டாம் நாள் உச்சத்துக்கு ஏறி, ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான். உடம்பு சுகமாகிவிட்டதுபோல் தோன்றும்.

இதயமும் நுரையீரலும் சீக்கிரம் திரும்பிவிடுகின்றன. இரண்டு கிழமை ஓய்வில் இரத்த ஓட்டத்துக்குப் பெரிய குறை வந்துவிடாது. தசைநார்களுக்கும் எலும்புக்கும் அந்த அவசரம் கிடையாது. தசைநாருக்கு இரத்தமும் குறைவு, இரண்டையும் பழுதுபார்க்க எடுக்கும் காலமும் அதிகம். மூச்சு வாங்காமல் பழைய வேகத்தில் ஓடுகிறவருடைய குதிநாணும் கணைக்கால் எலும்பும் இன்னும் மரதன் நாளிலேயே நின்றிருக்கும். நியூசிலாந்தின் ஜக் ஃபொஸ்ரர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள், கடும் ஓட்டம் இல்லை. மரதனுக்கு அது 26 நாள். 1974இல் கிறைஸ்ட்சேர்ச் பொதுநலவாய விளையாட்டில் 41 வயதில் 2:11:19க்கு மரதன் ஓடி வெள்ளி எடுத்தவர் சொன்ன கணக்கு என்பதால், நான் பேரம் பேசுவதில்லை.

ரொறன்ரோ வோட்டர்ஃபிரண்ட் மரதன் ஒக்டோபர் நடுவில் நடக்கிறது. 26 நாள் கழியும்போது நவம்பர் நடுப்பகுதி. கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னால் போய், பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டி, முதல் ஸ்னோ கொட்டவா விடவா என்று நிற்கும் காலம். வெயில் நாடுகளில் மரதன் ஓடுகிறவர்களுக்கு அடுத்த கிழமையே வேகமாக ஓடிப்பார்க்கலாம் என்ற ஆசை வந்தால் அதை மறிக்க யாருமில்லை. இங்கே பனி மறிக்கும். கனடாவின் குளிர்காலத்தை நான் பயிற்சியாளர் என்று எண்ணத் தொடங்கியது இதனால்தான்.

சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்காபறோவில் எங்கள் தெருவில், வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டிருக்கும் ஐயா ஒவ்வொரு வருடமும் என்னை மறித்துக் கேட்பார்: “தம்பி, என்ன விசரே உமக்கு? இந்தக் குளிருக்குள்ள ஓடினா நெஞ்சுக்குள்ள சளி கட்டும்.” சளி கட்டாது. மைனஸ் 15இல் இழுக்கும் காற்றும் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலுக்குப் போவதற்குள் சூடாகிவிடும். அந்தக் காற்று மிக வரண்டது. அதனால்தான் தொண்டை எரிகிறது, சிலருக்கு இருமல் வருகிறது. ஆஸ்துமா இருப்பவர்கள் கவனமாகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்களுக்கு வாயை மூடிக் கட்டிய ஒரு மெல்லிய துணி போதும். ஆனால் ஐயாவுக்கு இதையெல்லாம் விளக்க நின்றால் வியர்வை உறைந்துவிடும். “ஓம் ஐயா, கெதியா வீட்டை போறன்” என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

உடுப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். வெளியே இருப்பதைவிடப் பத்துப் பாகை சூடு கூட என்று நினைத்து உடுக்கவேண்டும். முதல் பத்து நிமிடம் குளிராவிட்டால் உடுப்புக் கூடிவிட்டது. ஏரிக்கரையில் ஓடும் நாளில் காற்றுக்கு எதிரே தொடங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும். நனைந்த உடம்பு காற்றுக்கு முகம் கொடுத்தால் திரும்பும் வழி பொல்லாதது. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அன்று நான் வீட்டில் இருப்பேன். அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

காலைப் பற்றித்தான் பேச நிறைய இருக்கிறது. புதிதாக விழுந்த ஸ்னோவில் கால் எட்டிப்போட்டால் குதி வழுக்கும். ஆகவே உடம்பு தானாகவே அடியைச் சுருக்கி, பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே, தட்டையாக வைக்கப் பழகுகிறது. கோடையில் பயிற்சியாளர்கள் வாய் வலிக்கச் சொல்லித்தருவது இதைத்தான். தள்ளும்போது சிறிது பின்னுக்கு வழுக்கும். அந்த வழுக்கலைப் பிடிக்கக் கெண்டைக்காலும் உள்தொடையும் இடுப்பின் பக்கத் தசைகளும் வேலை செய்யவேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடிய பின் நோகிற இடங்களை வைத்தே, மரதனில் எந்தத் தசைகள் சும்மா கூட வந்தன என்று அறியலாம். பொடி ஸ்னோ நல்லது. மிதிபட்டு இறுகியது பரவாயில்லை. பகலில் உருகி இரவில் உறைந்த, கறுப்பு வீதி போலவே தெரியும் ஐஸ் மட்டும் மன்னிக்காது. சப்பாத்துக்கு மேல் மாட்டும் இரும்புச் சுருள்களை அதற்காக வைத்திருக்கிறேன், ஆனால் வெறும் சீமெந்தில் அவை கால்களை உலுப்பி எடுக்கும்.

இந்த நிலத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்துக்குப் பொருளில்லை. கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் ஓடுகிறவர் ஆறரைக்கு இறங்குவார். மூச்சு மட்டும் அதே மூச்சு. நான் டிசெம்பர் முழுக்க நேரத்தை மட்டும் பார்ப்பேன், தூரத்தைப் பார்க்கமாட்டேன். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனத்தில் கதைக்க முடியவேண்டும், அவ்வளவுதான். தனியாக ஓடினால் எனக்கு நானே கதைப்பேன். முகத்தை மூடியிருப்பதால் ஒருவருக்கும் தெரியாது.

இந்த வழியில் எனக்கு ஆசான் எட் விற்லொக். ரொறன்ரோவுக்கு மேற்கே மில்ரனில் இருந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர். வீட்டுக்குப் பக்கத்துச் சுடுகாட்டை, இடுகாடு என்று சொல்லவேண்டும், சுற்றிச் சுற்றி மூன்று மணித்தியாலம் வரை மிக மெதுவாக ஓடுவார். குட்டிச் சுற்று என்பதால் எதிர்காற்று நெடுக முகத்தில் அடிக்காது, முடியாவிட்டால் வீடும் பக்கத்தில். 2003இல் 72 வயதில் 2:59:10. எழுபது கடந்த ஒருவர் மூன்று மணித்தியாலத்துக்குள் மரதன் ஓடியது உலகில் அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் 2:54:48. 2016இல் 85 வயதில் 3:56:34. மூன்றும் ரொறன்ரோ வோட்டர்ஃபிரண்டில். அந்தச் சுற்றுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் உலாத்தப் போன கிழவராகத்தான் தெரிந்திருப்பார்.

பயிற்சியாளர் ஆதர் லிடியார்ட் இந்த நெடுநேர ஓட்டத்தையே ஒக்லாந்தில் முறையாக்கினார். அவர் கையில் வளர்ந்த பீற்றர் ஸ்னெல் ஓடியது 800 மீற்றர். ஆனாலும் போட்டிக் காலத்துக்கு முன் ஞாயிறுகளில் வைட்டாக்கரே மலைப்பக்கம் 35 கிலோமீற்றர் ஓடவேண்டியிருந்தது. 1960இல் ரோமில் ஸ்னெல் தங்கம் வென்றார். ஒக்லாந்தில் ஸ்னோ இல்லை. அங்கே ஓட்டக்காரரை மெதுவாக்க லிடியார்டின் வாய் தேவைப்பட்டது.

ஹமில்ரனில் மார்ச் கடைசியில் ‘அறவுண்ட் த பே’ நடக்கும். 30 கிலோமீற்றர், தொடங்கியது 1894இல், பொஸ்ரன் மரதனுக்கும் மூன்று வருடம் மூத்தது. கடைசிப் பகுதியில் மேடுகள். அதற்காகத் தை பிறந்ததும் ஞாயிறு ஓட்டத்தை நீட்டத் தொடங்குவேன். யாழ்ப்பாணத்தில் அதே தை, மாசியில்தான் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் பள்ளிக்கூடங்களில் மரதன் வைப்பார்கள். வெறுங்காலோடு விடியப்புறத்தில் ஒரே பாய்ச்சல்தான், மெதுவாக ஓடச் சொல்ல ஒரு வாத்தியாரும் இருக்கவில்லை. இங்கே எனக்கு மேட்டு ஓட்டம் பெப்ரவரி நடுப்பகுதியில். மேட்டில் வேகம் குறைவு, கால் தரையில் அடிபடும் அதிர்ச்சியும் குறைவு; தசைக்குத்தான் வேலை. திரும்பி இறங்கும்போது நடந்தே வருவேன். வேகப் பயிற்சிக்கு மார்ச் வந்து, நடைபாதையில் உப்பும் ஐஸும் போய், சீமெந்து காய்ந்திருக்கவேண்டும். அது காயும்வரை யார் வேகமாக ஓடக் கூப்பிட்டாலும் நான் போவதில்லை.