33 லிட்டர் தண்ணீர்... ஒரு சண்டையின் விலை!

கிரகம் விட்டுக் கிரகம் தாவ விண்கலம் இருக்கிறது. ஆளை இரண்டாக அறுக்க லேசர் துப்பாக்கி இருக்கிறது. அப்புறம் எதற்குக் கத்தியும் கைச்சண்டையும்? தற்காப்புக் கலையை மையமாக வைத்து அறிவியல் புனைகதை எழுதுகிற எவரும் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

தற்காப்புக் கலைகள் பயின்றவரான ஸ்டீவன் பார்ன்ஸ், 1983-ல் வந்த ‘ஸ்ட்ரீட்லீத்தல்’ நாவலில் தன் நாயகனை எடையற்ற வெளியில் மோதும் வீரனாக்கினார். கால் ஊன்றத் தரையே இல்லாத இடத்தில் குத்துவிட்டால், குத்தியவனும் பின்னால் பறப்பான். ஸ்டீவ் பெர்ரி 1985-ல் எழுதிய ‘தி மேன் ஹூ நெவர் மிஸ்டு’ நாவலில், படையை விட்டு வெளியேறிய ஒருவன் தனியாளாக ஒரு பேரரசை எதிர்க்கிறான். எதிரிகளைக் கொல்வதில்லை, உடலை முடக்கும் ஊசிகளால் சாய்க்கிறான்.

இவர்களுக்கு முன்பே, 1965-ல் ‘டியூன்’ நாவலில் ஃப்ராங்க் ஹெர்பர்ட் சொன்ன பதில் இன்னும் சாமர்த்தியமானது. அங்கே வீரர்கள் உடலைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத கவசம் அணிகிறார்கள். வேகமாக வரும் எதையும் அது தடுத்துவிடும். லேசர் பட்டாலோ பெருவெடிப்பு, சுட்டவனும் மிஞ்சமாட்டான். மெதுவாக நுழையும் கத்திக்கு மட்டுமே வழி உண்டு. ஆக, எதிர்காலத்திலும் மனிதன் மனிதனுக்குப் பக்கத்தில் வந்துதான் சண்டை போட்டாக வேண்டும்!

நாயகன் பால், 15 வயதுப் பையன். குடும்பத்தின் ஆட்சி பறிபோய், அம்மா ஜெசிகாவோடு பாலைவனத்துக்குத் தப்பி வருகிறான். அங்கு வாழும் ஃப்ரெமென் கூட்டத்தில் ஜேமிஸ் என்பவன் சவால் விடுகிறான். இருவருக்கும் கவசம் கிடையாது. ஆனால், பாலின் கை பழக்கதோஷத்தில் கடைசி நொடியில் மெதுவாகிறது. அவன் ஜேமிஸோடு விளையாடுகிறான் என்று சுற்றி நிற்பவர்கள் கோபப்படுகிறார்கள். நடுவில், ‘சரணடைகிறாயா?’ என்றும் கேட்டுவிடுகிறான். அந்த ஊரில் அப்படியொரு வழக்கமே கிடையாது. ஒருவர் செத்தால்தான் சண்டை முடியும்.

ஜேமிஸ் விழுகிறான். கூட்டம் பாலைக் கொண்டாட வருகிறது. அம்மா மட்டும், கொலைகாரனாக இருப்பது எப்படியிருக்கிறது என்று மகனிடம் கேட்கிறாள். வெற்றி அவனுக்கு இனித்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

2021-ல் வந்த திரைப்படம் ஏறக்குறைய இந்தச் சண்டையோடு முடிந்துவிட்டது. நாவலில் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இறுதிச்சடங்கில் பால் அழுகிறான். ஒரு சொட்டு ஈரத்தையும் வீணாக்காத மக்கள், செத்தவனுக்காகக் கண்ணீர் விடுகிறானே என்று வியக்கிறார்கள். ஜேமிஸின் உடலிலிருந்து எடுத்த தண்ணீரை அளந்து, ஜெயித்தவன் பேரில் எழுதுகிறார்கள்... 33 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓர் ஆள் அவ்வளவுதான்.

ஜேமிஸின் மனைவி ஹாராவும் இரண்டு பையன்களும் இனி பாலின் பொறுப்பு. ஒருவன் ஜேமிஸின் மகன். இன்னொருவன் ஹாராவின் முதல் கணவனின் மகன். அந்தக் கணவனைச் சண்டையில் வீழ்த்திவிட்டுத்தான் ஜேமிஸ் இந்தக் குடும்பத்துக்குள் வந்திருந்தான்.

துப்பாக்கியால் தூரத்திலிருந்து சுட்டவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் வராது. செத்தவன் பெயர்கூடத் தெரியவேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கொன்றவனோ, அவன் வீட்டுக்குள்ளேயே போய் வாழவேண்டியிருக்கிறது.

பால் அந்த வீட்டுக்கு வருகிறான். சுமார் ஒன்பது வயதில் இரண்டு பையன்கள் நின்று அவனையே பார்க்கிறார்கள். இருவர் கையும் இடுப்புக் கத்தியின் பிடிமேல் இருக்கிறது.