கூரைக்கு வயசு பார்க்கும் கம்பெனிகள்

ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். செல்போன் கம்பெனி படுத்தினால் நம்பரை மாற்றாமலே வேறு கம்பெனிக்குத் தாவலாம். போட்டி இருக்கும் சந்தையில் வாடிக்கையாளர்தான் ராஜா என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ராஜாவை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அனுப்பி, வீட்டு இன்ஷூரன்ஸை மாற்றிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். கிரீடம் கழன்றுவிடும்!

பிரீமியம் ஏறிவிட்டதே என்று ஒருவர் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டால், முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, "கூரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" அங்கே கூரை நம்மூர் கான்கிரீட் தளம் மாதிரி இல்லை. பெரும்பாலும் மரச்சட்டம், மேலே பலகை, அதற்கும் மேலே ஷிங்கிள் என்கிற தார்த் தகடு. பதினைந்து வருஷம் தாண்டிய ஷிங்கிள் என்றால் பல கம்பெனிகள் முகம் சுளிக்கும். ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் சரி, புதுக் கூரை போட்டுவிட்டு வாருங்கள் என்பார்கள். அதற்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும்.

இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? வீட்டுக் கடன் இருந்தால் முடியாது. பாலிசி நின்றுபோனால் வங்கியே ஒரு பாலிசி எடுத்து, பில்லை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடும். அது விலையும் அதிகம், காப்பாற்றுவதும் முக்கியமாக வங்கியின் பணத்தைத்தான்.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 1992ல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு பல கம்பெனிகள் திவாலாயின. காற்றில் கூரை போனால் மழை உள்ளே வந்து மொத்த வீடும் போகும். இது போதாதென்று, "கூரையை இன்ஷூரன்ஸில் ஃப்ரீயாக மாற்றித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வீடு வீடாகப் போன கான்டிராக்டர்கள் வேறு. அந்தக் கையெழுத்தை வைத்துக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். கம்பெனி தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸையும் அதுதான் கட்ட வேண்டும். 2022 டிசம்பரில்தான் சட்டம் மாற்றி இதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

அதே 2022 மே மாதம் கூரைக்கும் ஒரு சட்டம் வந்தது. 15 வருஷத்துக்குக் குறைந்த கூரையை வயசை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது. அதைத் தாண்டியதென்றால் பரிசோதனைக்கு வாய்ப்புத் தர வேண்டும். இன்னும் 5 வருஷம் தாங்கும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தால், வயசு ஒரு காரணமாகாது. நல்ல சட்டம்தான். ஆனால் "வயசை மட்டும்" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். வேறு காரணம் சொல்லி மறுக்கலாமே! யாரும் சேர்க்காதவர்களுக்கு, 2002ல் மாநில அரசு உருவாக்கிய சிட்டிசன்ஸ் என்கிற நிறுவனம் இருக்கிறது. 2023ல் அதன் பாலிசிகள் 13 லட்சத்தைத் தாண்டின. கடைசிப் புகலிடத்தில் இவ்வளவு கூட்டம்!

இடம் கிடைத்தாலும் தலைவலி தீராது. புயல் அடிக்கும் புளோரிடாவை விட்டு, ஆலங்கட்டி மழை அடிக்கும் டெக்சாஸுக்கு வாருங்கள். அங்கே பிரீமியம் குறைவு என்று மாறுகிறவர்களுக்குப் பாலிசிக்குள் ஒரு வரி காத்திருக்கும். கூரைக்குப் புது விலை கிடையாது, தேய்மானம் போகத்தான் பணம். ஒரு கணக்குப் போடலாம். புதுக் கூரை 20,000 டாலர், ஆயுள் 20 வருஷம், வயசு 15. தேய்மானம் போக மிச்சம் 5,000. வீடு 3 லட்சம் டாலருக்கு இன்ஷூர் ஆகியிருக்கிறது, டிடக்டிபிள் 2 சதவீதம். அதாவது முதல் 6,000 டாலரை வீட்டுக்காரரே போட வேண்டும். கைக்கு வருவது எவ்வளவு? பூஜ்யம்!

இதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. நஷ்டத்துக்கு ஈடுதான், லாபம் கூடாது என்பதுதானே நாம் படிக்கும் இன்டெம்னிட்டி? 15 வருஷக் கூரை போனால் 15 வருஷக் கூரையின் விலை. புத்தகப்படி ரொம்பச் சரி. ஆனால் 15 வருஷப் பழைய கூரையை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

ஆகவே அங்கே கம்பெனி மாறுகிறவர் பிரீமியத்தை மட்டும் பார்த்தால் போதாது. கூரைக்குப் புது விலையா தேய்மான விலையா, டிடக்டிபிள் எத்தனை சதவீதம், இரண்டையும் கேட்டாக வேண்டும். புதுப் பாலிசி தொடங்கும் முன் பழையதை ரத்து செய்யவே கூடாது. புயல் நெருங்கிவிட்டால் யாரும் புதுப் பாலிசி எழுத மாட்டார்கள்.

பணம் உள்ளவர் கூரையை மாற்றிவிட்டு, குறைந்த பிரீமியத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். பழைய கூரையோடு இருப்பவர் யார்? பென்ஷனில் ஓடுகிறவர், மாசச் சம்பளத்தில் கடன் கட்டுகிறவர். கூரை பறந்தால் தாங்க முடியாதவரும் அவர்தான். பலர் கூடிச் சிலரின் நஷ்டத்தைச் சுமப்பதுதான் இன்ஷூரன்ஸ் என்று பரீட்சையில் எழுதுகிறோம். அந்தச் சிலரை வாசலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் பலர் யாருடைய நஷ்டத்தைச் சுமக்கிறார்கள்?