பனிவண்டிக்கு ஒரு பேரிங்

நான் பனியைப் பார்த்தது ஃப்ரீசரில் மட்டும்தான். அதையும் கரண்டிக் காம்பால் சுரண்டி எறிந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு, திருவேற்காட்டு வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கனடாவிலிருந்து அக்கா மகன் ஒரு சக்கரத்தின் படத்தை அனுப்பினான். "மாமா, இது தேய்ஞ்சு போச்சு. எதை வாங்கிப் போடட்டும்?" நான் ஆயுள் முழுக்கப் பார்த்தது கணக்கு வேலை. ஆனாலும் ஆவடிப் பக்கத்து மாமாவுக்கு இரும்பெல்லாம் அத்துப்படி என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்?

அவனிடம் இருப்பது ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான ரப்பர் பட்டை. பட்டைக்கு உள்ளே இரண்டு நீளத் தண்டுகள், அவற்றின் அடியில் பிளாஸ்டிக் பட்டி. அந்தப் பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் பனிதான். தூள்பனி தெறித்துக்கொண்டே இருந்தால் வழுக்கும், சூடும் அடங்கும். பாதை ஐஸாக இறுகிவிட்டால் தெறிக்க ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் இளக ஆரம்பித்துவிடும். அப்போது பாரத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஊத்தப்பம் அகலத்துக்கு இந்தச் சின்னச் சக்கரங்கள்.

பையன் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்திருந்தான். சிவப்பாக, அழகாக இருக்கிறதே என்று வாங்கியது விட்டத்தில் ஒரு நூல் பெரிது. அது ஒன்று மட்டும் பெரிதானால் மொத்த பாரமும் அதன் தலையில்தான். "பரவாயில்லை, எங்கள் ஊர் மூர்க்க நாயனார் முதல் ஆட்டத்தில் தோற்றுத்தான் அடுத்த ஆட்டங்களில் ஜெயிப்பார்" என்றேன். அடியாருக்குச் சோறு போடச் சூதாடிய மனிதர். பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்த ஆள். பையனுக்கு அவரைத் தெரியவில்லை.

இந்த வகை வண்டிக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் கியூபெக்கில் வால்கூர் என்ற சிற்றூரின் மெக்கானிக், ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயில் கிடந்தான். பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரி போக வழியில்லை. பிள்ளை போய்விட்டது. 1937இல் பட்டையில் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று அது ஞாயிற்றுக்கிழமை உல்லாசம்.

பட்டைக்குள் சக்கரம் என்றதும் எனக்குப் பெரியப்பா ஞாபகம். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் இருந்தார். 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததைச் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி சொல்லுவார். "டாங்கி எப்படி ஓடுது பெரியப்பா?" என்று ஒரு மழை நாளில் கேட்டேன். கேரம் போர்டிலிருந்து ஆறு கறுப்புக் காய்களை எடுத்து வரிசையாக நிறுத்தினார். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிச் சுற்றினார். "இந்தச் சக்கரம் ரோட்ல போவல. தன் ரோட்டைத் தானே முன்னால விரிச்சு, மேல ஓடி, பின்னால சுருட்டிக்குது. பாரத்தை ஆறு பேரும் பங்கு போட்டுக்கணும். ஒருத்தன் ஏமாத்தினா பட்டை கழண்டுக்கும்." சொல்லும்போதே ஒரு காய் நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது. அதோடு எங்கள் வீட்டுக் கேரம் ஆட்டமும் முடிந்தது. பின்னால் வந்த அர்ஜுன் டாங்கிக்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரம் என்று படித்தபோது, இன்னொரு காய் கேட்டிருப்பாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குக் காதுதான் அளவுகோல். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். "மணல் அரைக்குது, பேரிங் மாத்து." தெருவில் பாதி கிரைண்டர்கள் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவை.

பையன் சக்கரத்து நடுவைத் துடைத்துப் பார்த்துப் பேரிங் எண் சொன்னான்: 6205. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் 25. அதுதான் உள் ஓட்டை, மில்லிமீட்டரில். வெளிவிட்டம் 52, கனம் 15. உலகத்தில் எங்கே செய்தாலும் இதே அளவுதான். (மின்விசிறியில் வரும் 6202 போன்ற சின்னவை இந்தக் கணக்குக்கு அடங்காது. 6202க்கு 15.)

நம்பாமல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். "எந்த வண்டிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"பனியில ஓடுற வண்டி. கனடாவுல."

அவர் புருவம்கூட உயரவில்லை. "பனின்னா தண்ணிதானே? தகடு மூடி வேணாம். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதா எடுங்க."

அதைத்தான் பையனுக்கும் சொன்னேன். பழைய சக்கரத்தின் விட்டத்தை அளந்து அதே அளவு, அதே ஓட்டை, ரப்பர் சீல். நிறம் உன் இஷ்டம். அடுத்த வாரம் மாட்டிவிட்டதாகச் சொன்னான். இங்கே கருமாரியம்மன் கோயில் வாசலில் புது வண்டிகளுக்குப் பூஜை போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாயா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "வச்சிருப்பேன் மாமா. ஆனா இதுல ஒரு சக்கரமும் தரையைத் தொடாதே. எதுக்கு அடியில வைக்கிறது?"