சின்னத் துவாரமா, பெரிய வெட்டா?



பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் திகதி கிடைத்த ஊர்ச் சாச்சி ஒருவர், நகையை அடகு வைத்து பிரைவேட்டில் செய்யப் போவதாகச் சொன்னார். "வயித்த வெட்டினா எதிர்ப்புச் சக்தி எல்லாம் போயிடுமாம், கீஹோல்தான் நல்லதாம்." இதே பேச்சு ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். எது சரி, எது மிகை என்று தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் சரியான பகுதி. கத்தி பட்டால் உடம்பு அதைக் காயம் என்றுதான் எடுக்கும், வைத்தியம் என்று அதற்குத் தெரியாது. சில மணித்தியாலங்களில் இன்டர்லியூக்கின்-6 என்ற இரசாயனம் குருதியில் கூடும். அந்தச் செய்தி கிடைத்ததும் ஈரல் சீ.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கும். அது இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதோடு, கிருமியைப் பிடித்து மற்றக் கலங்களுக்குக் காட்டிக் கொடுக்கும் வெண்குழியங்கள் கொஞ்ச நாள் மந்தமாகிவிடும்.

பித்தப்பை ஒப்பரேஷனில் இரு முறைகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், கீஹோல் செய்தவர்களுக்கு இவை குறைவாகவே ஏறின. உள்ளே எடுப்பது அதே பித்தப்பைதான், ஆனால் வயிற்றுச் சுவரில் வெட்டுப்படுவது குறைவு. காயத்தில் கிருமி தொற்றுவதும் குறைவு. 1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே முதன்முதலில் இப்படிச் செய்தபோது அந்நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஏற்கவில்லை. இன்று பித்தப்பைக் கல்லுக்கு அதுதான் வழமையான முறை.

இனி மிகையான பகுதி. எதிர்ப்புச் சக்தி போய்விடுவதில்லை, சோர்ந்து பிறகு திரும்பி வருகிறது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரண்டு முறையிலும் ஏறத்தான் செய்யும். எல்லா நோய்க்கும் கீஹோல்தான் நல்லது என்றும் இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆரம்ப கட்டத்தில் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. அதில் திறந்த சத்திரசிகிச்சை செய்த பெண்களே கூடுதலாக உயிர் தப்பியிருந்தார்கள்.

அதனால் நகையைத் தொட முன் கிளினிக்கில் கேளுங்கள்: "எனக்கு எந்த முறை, ஏன்?" அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கீஹோல் செய்கிறார்கள். கீஹோலில் தொடங்கி இடையில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அது டொக்டரின் பிழை என்று கதை கட்டாதீர்கள். பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்வார்கள்.

எந்த முறை என்றாலும் நம் கையில் இருப்பவை சில உண்டு. சீனி வருத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பது, சிகரட்டை விடுவது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது: நோயாளியைச் சுகம் விசாரிப்பது சுன்னத்தான காரியம்தான், ஆனால் ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே வேன் பிடித்து, இருமலோடும் தடிமனோடும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வார்ட்டுக்குப் போக வேண்டாமே. எதிர்ப்புச் சக்தி சோர்ந்திருக்கும் நாட்கள் அவை. வீட்டிலிருந்து துஆச் செய்யுங்கள், ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ்.