மெழுகு மயில்

எனக்குப் படம் போட வராது. நாற்பது வயதைக் கடந்த பிறகு அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. ஆனாலும் போன கோடையில் பதினைந்து நாள், எழுத வேண்டிய நாவலை மூடி வைத்துவிட்டு, என் மகளுடைய வர்ணப் பென்சில் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வினை என் வாயால் வந்ததுதான். ஒரு ராத்திரி மின்சாரம் போயிருந்த நேரத்தில் அவளுக்கு ஜீவகன் கதை சொன்னேன். சச்சந்தன் என்ற ராஜா, கட்டியங்காரன் என்ற மந்திரியை நம்பி நாட்டை அவன் கையில் கொடுத்தான். நம்பினவனே படையோடு வந்து அரண்மனையை வளைத்துக்கொண்டான். நிறைகர்ப்பிணியான ராணி விசயையை மயில் வடிவமான ஒரு பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு ராஜா சண்டைக்குப் போனான். வலப்பக்கம் திருகினால் மயில் எழும்பும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். வழியில் பகைவனின் வெற்றி முரசு கேட்டது. ராஜா இனி இல்லை என்று தெரிந்துகொண்ட ராணி மயங்கிச் சாய்ந்தாள். மயில் சுடுகாட்டில் இறங்கியது. அங்கேதான் ஜீவகன் பிறந்தான்.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, சுடுகாடு வருவதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விட்டாள். கொசு கடிக்கிறதாம்.

"அந்த மயில் எப்படிப்பா இருக்கும்? போட்டுக் காட்டு" என்றாள் மகள்.

கதை சொல்லிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சொல்லிச் சொல்லியே பிழைக்கிறவனிடம், நீ சொன்னது கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாள் குழந்தை. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

பொறி என்றதும் என் மனசுக்கு வந்தது உலோகந்தான். இங்கிலாந்தில் போஸ் மியூசியத்தில் ஒரு வெள்ளி அன்னம் இருக்கிறது. 1773-இலேயே லண்டனில் வேடிக்கை காட்டிய இயந்திரம். சாவி கொடுத்தால் கழுத்தை வளைத்து மீன் பிடிக்கும். அதன் படத்தை முன்னொரு நாள் ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தேன். என் மயிலையும் பித்தளையில் வார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

சமையலறையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். முதல் நாள் முழுவதும் மஞ்சள் பென்சிலால் தேய்த்தேன். மஞ்சள் பூசணிக்காய் வந்தது. பிறகுதான் குடத்தைச் சரியாகப் பார்த்தேன். அதில் மஞ்சள் கொஞ்சந்தான் இருந்தது. ஜன்னல் இருந்தது, என் சட்டையின் நீலம் இருந்தது, மேஜையின் கபிலம் அடியில் கருத்துக் கிடந்தது. உலோகம் தன் நிறத்தைவிட எதிரே நிற்பதன் நிறத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருட்டு, நடுவே கத்தியால் அறுத்த மாதிரி ஒரு விளிம்பு. அந்த ரகசியம் பிடிபட்டதும் மயில் பளபளவென்று வந்துவிட்டது. ஆணிகள், பற்சக்கரங்கள், திருகு சாவி எல்லாம் வைத்தேன். எனக்கே கர்வமாக இருந்தது.

அம்மா படத்தைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏய்யா, இம்புட்டுக் கனத்தை வச்சுக்கிட்டு இது எப்படி எந்திரிக்கும்? அதுமேல புள்ளத்தாச்சி வேற ஏறணும்."

எனக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து சிந்தாமணியை எடுத்தேன். உ. வே. சாமிநாதையர் 1887-இல் அச்சேற்றிக் கொடுத்த காவியம். நான் எத்தனையோ தடவை புரட்டியதுதான். திருத்தக்கதேவர் என்ன சொல்கிறார்? துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு. இவற்றையெல்லாம் கொண்டு தச்சன் ஏழு நாளில் மயிலைச் செய்து முடித்தானாம். நான் வார்த்த பித்தளை எங்கே, இந்தக் கந்தல் துணி எங்கே! படித்தவன் கண்ணில் படாதது, படிக்காத என் தாயின் கைக்குக் கனமாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது மயிலை வேறு விதமாகத் தொடங்கினேன். வர்ணப் பென்சிலின் உள்ளே இருப்பதும் சாயப்பொடியும் மெழுகும் பிசினுந்தான். தச்சனுடைய சரக்கு ஏறக்குறைய என் கையிலேயே இருந்தது. இந்தத் தடவை அழுத்தவில்லை. பென்சிலைத் தளர்த்திப் பிடித்து, சின்னச் சின்ன வட்டங்களாக, படலத்தின்மேல் படலமாக ஏற்றினேன். காகிதத்துக்கும் பல் உண்டு. அந்தச் சொரசொரப்புத்தான் வர்ணத்தைக் கவ்விக்கொள்கிறது. அவசரப்பட்டு அழுத்தினால் பல் மழுங்கிப்போகும். பிறகு எந்த நிறமும் ஒட்டாது.

நிஜ மயிலின் இறகில் நீலச் சாயமே இல்லை. இருப்பது கபிலச் சாயந்தான். இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவிட்டு நீலத்தைக் காட்டுகிறது. ஆகவே நானும் முதலில் கபிலம் பூசி, அதன்மேல் பச்சை, பச்சையின்மேல் நீலம் ஏற்றினேன். டர்ப்பன்டைனில் தோய்த்த பஞ்சால் மெல்ல ஒற்றியபோது மெழுகு இளகி, கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, தூரிகையால் தீட்டியது போல ஆயிற்று. நிழலுக்குக் கறுப்பைத் தொடவே இல்லை. கருநீலமும் கபிலமும் சேர்ந்தாலே போதும். அரக்கு மினுங்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றினேன். சிறகு உடலோடு சேரும் இடத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். அதன் மேல் விசயையை உட்கார வைத்தேன். தலை சாய்ந்து, கண் மூடி, மயங்கிய நிலை.

ராத்திரி பத்து மணி இருக்கும். அம்மா தண்ணீர் குடிக்க வந்தவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கண்ணைத் தெறந்து வைய்யா."

"கதையிலே அவள் மயங்கிவிடுகிறாள், அம்மா."

"கதையில மயங்கட்டும். நான் அன்னிக்கு ராத்திரி பூரா கண்ணை மூடல. பஸ்ஸுக் கதவைக் கயித்தால கட்டியிருந்தான். எந்தப் பள்ளத்துல அவுந்து கொட்டுமோன்னு அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு வந்தேன்."

என் அப்பா செத்துப்போனபோது நான் வயிற்றில் எட்டு மாதம். பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது ராத்திரிப் பயணம் என்றோ, கதவில் கயிறு கட்டியிருந்தது என்றோ இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஊரார் கதையையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுகிறவன் நான்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

மெழுகு ஏறிய இடத்தில் ரப்பர் உதவாது; தேய்த்தால் இழுவும். மேலே வேறு நிறமும் பிடிக்காது. பிளேடின் முனையால் சுரண்டித்தான் அடியிலுள்ள வெள்ளையை எடுக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் காகிதம் கிழிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்தேன். பிறகு மற்றொன்று. இரண்டும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

காலையில் மகள் படத்தைப் பார்த்தாள். மயில் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிறகு கேட்டாள்:

"ராணி ஏம்ப்பா இந்த நூலையே பார்க்கிறா?"

"பாட்டியைக் கேள்" என்றேன்.