ஒத்தவாடைத் தெருவில் ஒரு கடை விலைக்கு வந்தது

சித்தப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் வங்கியில் வந்து விழுந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது என்று சித்தி சொன்னார். பணம் சும்மா கிடக்கிறதே என்ற கவலை. அந்த நேரம் பார்த்து ஒரு தரகர், மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் கடை ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். காலிக் கடை இல்லை. உள்ளே ஆள் இருக்கிறார், வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. "கிரயம் முடிஞ்ச மறுமாசமே வாடகை உங்க கைக்கு வந்துடும் ஐயா" என்ற பேச்சு சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டது.

என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். நான் மறுத்தேன். சுற்றுலா ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை பார்க்கப் போவது கல்யாண வீட்டில் பெண் பார்ப்பது மாதிரி. அன்றைக்கு எல்லாருமே அலங்காரமாகத்தான் இருப்பார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்ட ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருவான்மியூரில் பஸ் ஏறினோம்.

பத்தரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்கு ராஜவீதியில் இறங்கி நடந்தோம். சிற்பக் கூடம் ஒன்றில் உளிச் சத்தத்தைவிடக் கல் அறுக்கும் மெஷின் சத்தம் பெரிதாக இருந்தது. வெள்ளைப் பொடி மூடிய முகத்தோடு ஒருவர் பெரிய நந்தி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டேன். ஒரு கோயில் திருப்பணிக்காம், போனிலேயே ஆர்டர் வந்ததாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கூடத்துக்கு அன்றைக்கு ஒரு சுற்றுலாப் பயணிகூட வரவில்லை, ஆனாலும் வேலை நிற்கவில்லை. கடை வாடகையை நம்பி முதல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுண்டரில் வரிசையே இல்லை. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று பலகை சொன்னது. சித்தப்பா அதை இரண்டு தடவை படித்தார். எனக்கு அந்த இரண்டு எண்களிலேயே ஊரின் வியாபாரம் முழுவதும் அடங்கியிருப்பதாகப் பட்டது. யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு இங்கே வளர்ந்த கடைகளில் பாதிக்கு மேல் அந்த 600 ரூபாய் ஆளை எதிர்பார்த்துப் போட்டவை. சால்வை, வெள்ளி நகை, மாக்கல் பொம்மை, மொட்டை மாடியில் மீன் சாப்பாடு. ஞாயிறும் காணும் பொங்கலும் ஊரை நிறைக்கிறவர்கள் சென்னையிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். அவர்கள் மாங்காய் பத்தை வாங்குவார்கள், வறுத்த மீன் வாங்குவார்கள், குழந்தைக்கு ஒரு தொப்பி வாங்குவார்கள். சால்வைக் கடைக்குள் ஏறுவது அபூர்வம். கூட்டத்தைப் பார்த்துக் கடைக்கு விலை சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

தரகர் ஒத்தவாடைத் தெரு முனையில் பைக்கோடு நின்றிருந்தார். நல்ல மனிதர்தான், பேச்சில் வேகம் அதிகம். "கண்ண மூடிக்கினு வாங்கலாம் ஐயா. டிசம்பர்ல வந்து பாருங்க, இந்தத் தெருவுல நடக்க எடம் இருக்காது" என்றார். தெருவின் கிழக்குக் கோடியில் கடல் தெரிந்தது. இரண்டு பக்கமும் கடைகள், லாட்ஜுகள், மாடியில் உணவகங்கள். நடக்க இடம் தாராளமாக இருந்தது. சில ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன, சில முழுதாக மூடியிருந்தன. ஒரு நாய் தெருவின் நடுவில் படுத்திருந்தது, எழுப்ப ஆளில்லை.

கடை சுமார் பத்தடி அகலம், பதினெட்டு அடி நீளம். நான் உள்ளே போகும் முன் ஷட்டரின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தேன். பெயின்ட் புதிது, அதற்குக் கீழே இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஷட்டர், கிரில், மீட்டர் பெட்டி, கூரைக் கம்பி எதுவும் ஊருக்குள் உழைக்கிற அளவுக்கு உழைக்காது. உப்புக் காற்று தின்றுவிடும். இந்தச் செலவெல்லாம் உரிமையாளர் கணக்கில்தான் வரும்.

உள்ளே இருந்தவர் காஷ்மீர்க்காரர். நல்ல தமிழ் பேசினார். சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தவராம். எங்களைப் பார்த்ததும் வாடிக்கையாளர் என்று எழுந்து நின்றார். தரகரைப் பார்த்ததும் முகம் மாறியது. கடை விற்கப் போகிற சேதியே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. இருபது வருடத்துக்குக் குறையாமல் வாடகை கட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரகருக்கு போன் வந்து வெளியே போன நேரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, புது ஓனர் வாடகை ஏத்துவாரா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இன்னும் எதுவும் முடிவாகல. வியாபாரம் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க" என்றார் சித்தப்பா.

"டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வெளிநாட்டு ஆளுங்க வருவாங்க. அந்த நாலு மாசம் சம்பாதிச்சுத்தான் பன்னெண்டு மாச வாடகை கட்டுறோம். இன்னிக்கு இன்னும் போணி ஆகல."

கொரோனா காலத்தில் பழைய உரிமையாளர் சில மாத வாடகையைத் தள்ளிவிட்டாராம். ஆஃப் சீசனில் இரண்டு மாத வாடகையை விட்டுவிடுவது அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டதாம். அட்வான்ஸ் மூன்று லட்சம் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது, ஒப்பந்தம் கிடையாது. இதில் ஒன்றைக்கூடத் தரகர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வாடகைக்கு ஆள் இருக்கிற கடையை வாங்கும்போது அந்த ஆளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். கடை கை மாறினாலும் அவருடைய வாடகை உரிமை தொடரும், உரிமையாளர் இடத்துக்கு நாம் போகிறோம், அவ்வளவுதான். ஒருநாள் அவர் காலி செய்யும்போது அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்று நம் முன்னால்தான் வந்து நிற்பார். ஆகவே அந்த மூன்று லட்சத்தைக் கிரயத் தொகையிலேயே கழிக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வாய்ப்பேச்சில் ஓடுகிற வாடகையை வருமானம் என்று நம்பி யாரும் விலை பேசக் கூடாது. பழைய உரிமையாளரும் வாடகைதாரரும் ஒருவரையொருவர் நம்பி இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பத்திரத்தோடு கை மாறாது.

தரகர் திரும்பி வந்ததும் மாடியைக் காட்டினார். "மேல ரெண்டு ரூம் எழுப்பினா லாட்ஜுக்கு விடலாம்." இந்த ஊரில் அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் முதலில் டேப்பை எடுக்க வேண்டும். தொல்லியல் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது; அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எதுவும் எழுப்ப முடியாது. மாமல்லபுரத்தில் பாறைக்குப் பாறை சின்னம். கடல் பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறது: உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். இந்த இரண்டையும் நான் சொன்னபோது, "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் தரகர். யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர் சொல்லவில்லை.

பின்தெருவில் இன்னொரு கடை காட்டினார், விலை மிகக் குறைவு. பத்திர நகலை வாங்கிப் படித்தேன். கட்டடம் மட்டும்தான் விற்பனை. அடிமனை ஒரு கோயிலுடையது. இந்தக் கரையோரத்தில் இது புதிதில்லை. ஆளவந்தார் நாயக்கர் அறக்கட்டளைக்கு மட்டும் இந்தப் பகுதியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது, அறநிலையத் துறை நிர்வாகத்தில். கோயில் நிலத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கே துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படியிருக்க, சுவரையும் கூரையையும் மட்டும் விலைக்கு வாங்கி என்ன செய்வது? சித்தப்பா அந்தக் கடைக்குள் காலே வைக்கவில்லை.

வெயில் தாழும் வரை பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு மருந்துக் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு மளிகை. மூன்றிலும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். குப்பத்துப் பெண்கள், லாட்ஜ் வேலைக்காரர்கள், சிற்பக் கூடத்துப் பையன்கள். ஊரில் குடியிருக்கிறவர்களுக்குத் தலைவலி மாத்திரை ஜூனிலும் வேண்டும், டிசம்பரிலும் வேண்டும். முதல் போட்டால் இந்தத் தெருவில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஊருக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் புதுப் பேருந்து நிலையத்துக்கான வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. பஸ் இடம் மாறினால் இந்தத் தெருவின் ஆள் நடமாட்டமும் கொஞ்சம் இடம் மாறும். மளிகைக்கு அதனால் பெரிய பாதிப்பு இருக்காது என்பது என் கணிப்பு.

சித்தப்பா கடலை மடித்த காகிதத்தைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். விற்பவர் சொன்ன விலையை இங்கே எழுதுவது முறையாகாது. கணக்கு புரிவதற்காகக் கடை 60 லட்சம், மாத வாடகை 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகர் கணக்கில் வருடம் 3 லட்சம், நூற்றுக்கு ஐந்து. சித்தப்பா எழுதியது வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000. முதல் 65,40,000 ஆகிவிட்டது. வாடகையில் ஆஃப் சீசன் இரண்டு மாதம் 50,000 போகும். சொத்து வரி, ஷட்டர், வயரிங் என்று 25,000 போகும். மிச்சம் 2,25,000. நூற்றுக்கு மூன்றரைகூட எட்டவில்லை.

காகிதத்தின் மறுபக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அதிகபட்சம் 30 லட்சம், வட்டி 8.2 சதவீதம், வருடத்துக்கு 2,46,000. பாதிப் பணம் போட்டால் கடையைவிட அதிகம் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 கணக்கில் ஏறிவிடும், யார் கடைக்கும் போய் நிற்க வேண்டாம். வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் வரிக் கழிவு உண்டு, இந்த வட்டிக்கு அது கிடையாது என்பது உண்மை. இடத்தின் விலை ஏறலாம், வைப்புத் தொகை ஏறாது என்பதும் உண்மை. ஆனால் 2004 டிசம்பரில் சுனாமி வந்த கரை இது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையேறியதும் மாமல்லபுரம் பக்கத்தில்தான். 2019 அக்டோபரில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் வந்தபோதும் 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் இந்த ஊரின் பெயர் உலகமெங்கும் போனது. அந்தப் பெயருக்கெல்லாம் சேர்த்துத்தான் இன்றைக்கு விலை சொல்கிறார்கள். அந்தப் பெயரால் வந்த வியாபாரம் அந்தக் காஷ்மீர்க்காரர் கல்லாவில் எவ்வளவு விழுந்தது என்பதை நாங்கள் நேரில் பார்த்துவிட்டோம்.

"அப்ப எவ்வளவுக்கு வந்தா வாங்கலாம் சித்தப்பா?" என்றேன்.

"நூத்துக்கு ஆறாவது நிக்கணும். பத்திரச் செலவையும் சேத்து முப்பத்தேழரை லட்சம். அதுக்கு மேல ஒரு பைசா கொடுத்தாலும் அது நான் அவங்களுக்குக் கொடுக்கிற மொய்" என்றார். நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை, தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டது.

தரகரிடம் அதே கணக்கில் ஒரு விலை சொன்னோம். அட்வான்ஸைக் கழிக்க வேண்டும், கிரயத்துக்கு முன்னால் வாடகைதாரரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், தாய்ப்பத்திரத்தோடு முப்பது வருட வில்லங்கச் சான்றும் வேண்டும் என்றோம். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பஸ் ஏறுமுன் சித்தப்பா மறுபடி ஒத்தவாடைத் தெருவுக்குப் போய் அந்தக் காஷ்மீர்க்காரரைப் பார்த்தார். அட்வான்ஸ் சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும்படியும், கடையை யார் வாங்கினாலும் முதல் மாதமே எழுத்தில் ஒப்பந்தம் கேட்கும்படியும் சொல்லிவிட்டு வந்தார்.

தரகர் அதன் பிறகு அழைக்கவில்லை. சித்தப்பா 30 லட்சத்தை அஞ்சலகத்தில் போட்டுவிட்டார். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையம் பக்கம் அந்த மளிகை இருக்கும் கட்டடம் விலைக்கு வந்தால் மறுபடி போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம், அதையும் ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை.